இடக்கர் எது?

2016ஆம் ஆண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உடை பற்றிய ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. மாணவர் ரீசேட்டும் டெனிம் காற்சட்டையும் அணிந்து விரிவுரைக்கு வருதல் கூடாது, மாணவியர் வெள்ளிக்கிழமைகளிற் சேலை உடுத்து வருதல் வேண்டும், ஆண்கள் தாடியோடு வருதல் ஆகாது என்பன அதன் சாரம். பல்கலைக்கழகத்தின் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கண்டனங்கள் எழுந்தன. ஆயின், குடாநாட்டிலே அச்சுற்றறிக்கைக்கு ஆதரவு இல்லாமலும் போகவில்லை. பிள்ளைகளை ஒழுங்காக உடுத்து வரச் சொல்வதில் என்ன குற்றம் என்று கேட்டவர்கள் நம் அயலவர்கள். ஆசிரியர் அறையில் நம்மோடு ஒன்றாகத் தேநீர் அருந்துபவர்கள். சம்பள உயர்வுக்காக நம்முடன் வீதியில் நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர். 2022 நவம்பரில் நாட்டின் பிற பகுதிகளில் ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத உடையிற் பாடசாலைக்குச் சென்றபோது இதே விவாதம் மீண்டும் மூண்டது. கோயில் வீதியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் பரிசளிப்பு விழா மேடையிலும் ‘நமது பண்பாடு’ என்னும் சொல் எழும்போதெல்லாம், அது பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையின் உடையின் மீதோ ஓர் ஏழையின் பேச்சின் மீதோதான் போய் விழுகிறது.

இவ்விவாதத்தில் ஒரு பக்கத்தார் சுதந்திரம் என்கின்றனர். மறுபக்கத்தார் மரபு என்கின்றனர். மரபு என்றால் யாது என்பதில் இரு சாராருக்கும் ஐயமே இல்லை என்பதுதான் வியப்பு. தமிழ் படிப்பித்துச் சீவிக்கும் நாம் அந்த மரபையே சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

வகுப்பிலே தகுதி வழக்கைப் படிப்பிக்கும்போது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூலார் கூறும் மூன்றையும் சொல்லிக் கொடுக்கிறோம். சபையிற் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். கால் கழுவி வந்தான் என்பது வழமையான உதாரணம். மாணவர் சிரிப்பர், அத்தோடு பாடம் முடியும். ஆயின், தொல்காப்பியர் இவ்விடத்தில் இன்னுமொரு படி சென்றிருக்கிறார். அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துக் கூறுக என விதித்த அவரே, அதனை அடுத்து, வழக்கிலே பயின்று மருவிவிட்ட சொல்லை மறைக்க வேண்டுவதில்லை என்று விலக்கும் தருகிறார். உரையாசிரியர் அதற்குக் காட்டும் உதாரணங்கள் யாவை? ஆட்டுப் பிழுக்கையும் யானை இலண்டமும்! ஆடு மாடு கட்டி வாழ்ந்த மக்களின் வாயில் அன்றாடம் புழங்கிய சொல், புழங்கிய காரணத்தாலேயே அவையேறத் தகுதி பெற்றுவிட்டது. எது இடக்கர் என்பதை மக்களின் பழக்கமே நிருணயிக்கிறது என்ற ஒப்புதல் அதில் உண்டு. நமது ஒழுக்கக் காவலர்கள் முதற் சூத்திரத்தோடு ஏட்டை மூடிவிட்டவர்கள் போலும்.

இதனாற் பழைய இலக்கணம் முழுவதும் மக்கள் பக்கம் நின்றது என்று கொள்வது பேதைமை. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று கூறுவதும் அதே தொல்காப்பியந்தான். அகத்திணையிலே அடியோருக்கும் வினைவலருக்கும் ஐந்திணைக் காதலில் இடமில்லை. கைக்கிளை, பெருந்திணை என்னும் புறத்திண்ணையே அவர்களுக்கு விடப்பட்டிருக்கிறது. தலைவன் தினைப்புனத்திற் களவிலே கூடினால் அது அன்பின் ஐந்திணை. ஏவல் செய்பவன் காதலித்தால் அது பொருந்தாக் காமம். செயல் ஒன்று; செய்பவர் யார் என்பதைப் பொறுத்து அது ஒழுக்கமாகவும் இழுக்காகவும் பெயர் பெறுகிறது. கலித்தொகையிலே கூனியும் குறளனும் ஒருவரையொருவர் ஏசியும் கெஞ்சியும் காதல் பேசும் பாட்டு இந்த வேலிக்கு அப்பால் நின்று பாடப்பட்டதே. அங்ஙனம் இருந்தும், பண்பட்ட தலைவியர் பலரின் பெருமூச்சில் இல்லாத உயிர்த்துடிப்பு அவ்விருவரின் ஏச்சில் இருக்கிறது என்பது நமது எண்ணம். அந்நூலை 1887இல் முதன்முதலாக அச்சிலே தந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, நமது தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிற் படித்தவர்.

செய்பவர் யார் என்னும் இவ்வளவுகோல், யாழ்ப்பாணத்து உடையின் வரலாற்றில் அப்பட்டமாகத் தெரிகிறது. இன்று மறை, மறை என்று முழங்கும் சமுதாயம், இருபதாம் நூற்றாண்டிலும் தன் மக்களில் ஒரு பகுதியினரை மறைக்க விடாது தடுத்த சமுதாயமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவது குற்றம். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியைத் தாழ உடுப்பது குற்றம். தோளிலே சால்வை குற்றம். குடையும் செருப்பும் பொன் நகையும் குற்றம். தென் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமானமும் பட்டு, 1859இல் மன்னரிடமிருந்து ஓர் ஆணையைப் பெற்றனர். நமது குடாநாட்டிலோ தடை எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கமக்காரர் வீட்டுப் படலையும் கிணற்றுக்கட்டும் கோயில் வாசலும் அதனை நினைவூட்டப் போதுமானவையாயிருந்தன. எழுதப்படாத சட்டத்தை நீக்குமாறு எந்த மன்னரிடம் மனுக் கொடுப்பது?

வெளுத்த துணிகூட அந்தஸ்தின்படி அளந்து வழங்கப்பட்ட பண்டந்தான். 1871இல் மாவிட்டபுரத்திலே சலவைத் தொழிலாளருக்கும் நாவிதருக்கும் இடையே கலவரம் மூண்டது. நாவிதரின் துணியை வெளுக்க மறுத்ததே அதற்குக் காரணம் என்பர். ஒடுக்கப்பட்ட இரு சாராரை ஒருவரோடொருவர் மோதவிட்டு, இருவருக்கும் மேலே தூய வேட்டியோடு அமர்ந்திருந்தவர் யார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 1930ஆம் ஆண்டையொட்டி, நிலத்திலே குந்தியிருந்து படித்த பிள்ளைகளைச் சம ஆசனத் திட்டத்தின்படி மற்றவர்களோடு வாங்கில் அமர்த்த முயன்றபோது, குடாநாட்டிற் பாடசாலைகள் தீக்கிரையாயின. தீ வைத்தவர்களும் பண்பாடு காத்தவர்களே.

தெல்லிப்பழைக்கு அயலிலுள்ள அதே மாவிட்டபுரத்தில், 1968இல், கந்தசுவாமி கோயிலின் வாசல் மூடி நின்றது. உள்ளே செல்ல முயன்றவர்கள் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் அழைப்பை ஏற்று வந்த மக்கள். வழிமறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம், ஒக்ஸ்ஃபோர்டிற் கற்றவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிப் பதினொரு வருடங்கள் கழிந்திருந்தன. இவ்வூர்க் கோயில்களுக்குள் ஆண்கள் மேலாடையைக் களைந்து செல்வது பக்தி எனப்படும். அதே வாசலுக்கு வெளியே, இன்னொருவன் மேலாடையைக் களையாது நின்றால் அது திமிர் எனப்பட்டது. துணிக்கு என்று தனியே ஓர் ஒழுக்கமும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சின்னமேளத்தின் கதையும் இத்தகையதே. சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்லலாம். கோயில்களிலே பொதுமகளிரின் ஆடலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் வன்மையாகக் கண்டித்தார். அவருக்குப் பின்னும் கண்டனம் தொடர்ந்தது. நாளடைவில் ஆடியவர்கள் மறைந்தனர். அவர்களை அழைத்து, பணங்கொடுத்து, முன்வரிசையில் அமர்ந்து பார்த்தவர்கள் மறையவில்லை; அவர்களுடைய குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பின்னாளிற் பரதநாட்டிய அரங்கேற்றம் கண்டபோது அதே அடவு பண்பாட்டின் சிகரமாயிற்று.

இனி இலக்கியத்துக்கு வருவோம். 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இலக்கிய மாணவர் அறிவர். சீவல் தொழிலாளியும் சலவைத் தொழிலாளியும் சிகையலங்கரிப்பாளரும் தத்தம் வாய்மொழியிலே பேசும் சிறுகதைகளை முற்போக்கு எழுத்தாளர் படைக்கத் தொடங்கியபோது, பண்டிதர் சிலர் அம்மொழியை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். கைலாசபதியும் சிவத்தம்பியும் அதற்கு விடையிறுத்தனர். யதார்த்தம், மண்வாசனை, தேசிய இலக்கியம் ஆகியவற்றின் பெயரால் வாதங்கள் நிகழ்ந்தன. அவ்வாதங்களில் முற்போக்காளர் வென்றனர் என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும் ஒரு கேள்வி அங்கே போதிய அழுத்தத்தோடு எழுப்பப்படவில்லை: பண்டிதரின் இழிசொற் பட்டியலில் இல்லாத சொல் எது?

யாழ்ப்பாணக் கிராமத்தின் பேச்சைச் செவிமடுத்தோருக்கு விடை தெரியும். எழுபது வயதுச் சீவல் தொழிலாளியைப் பத்து வயதுக் கமக்காரப் பொடியன் பெயர் சொல்லி அழைப்பான், ‘வாடா’ என்பான். முதியவர் அவனை ‘நயினார்’ என்பார்; அவன் தாயை ‘நாச்சியார்’ என்பார். பெரியோரைப் பெயர் சொல்லி அழைப்பது அடாது என்று அந்தப் பொடியனின் வீட்டிலேயே படிப்பிக்கப்பட்டது. தன் சாதியில் ஒரு வயது மூத்தவனைக்கூட அவன் ‘அண்ணை’ என்றுதான் அழைத்தான். ஆனால் அந்த ‘வாடா’வை எந்தப் பண்டிதரும் இழிந்த வழக்கு என்று குறித்ததில்லை. இலக்கணப்படி அதிற் பிழையும் இல்லை! முன்னிலை ஒருமை, ஏவல் வினை, ஆண்பால் விளி. புணர்ச்சி விதிகூடத் திருத்தமாக அமைந்திருக்கிறது. அவமானப்பட்டவன் தன் கொட்டிலுக்குத் திரும்பி, மனைவியிடம் கொச்சையில் வெதும்பிச் சொன்ன சொல்லே இடக்கராயிற்று.

கே. டானியலின் படைப்புக்களை, சிறப்பாக 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ நாவலை, இந்தக் கண்ணோடு மீண்டும் படிக்க வேண்டும். கலையமைதியிற் குறைகள் உண்டு. நிகழ்ச்சிகள் நெருக்கியடித்து வருகின்றன. பாத்திரங்கள் சில வேளைகளிற் கூட்ட மேடையில் நிற்பவர் போலாகிவிடுகின்றனர். இவற்றை மறைப்பது விமரிசகனுக்கு அழகன்று. ஆயின், யார் யாரை எவ்வாறு விளிக்கிறார் என்பதை அத்துணை நுட்பமாகக் காதிலே வாங்கி எழுதிய ஈழத்து எழுத்தாளர் அவருக்கு முன் அரியர். விளிச்சொற்களை மட்டும் தொடர்ந்து சென்றாலே ஊரின் காணியுறுதியைப் படித்ததுபோலாகும்: யாருக்கு நிலம், யாருக்கு வடலி, யார் யாருடைய வளவிற் குடியிருக்கிறார் என்பன யாவும் அவற்றில் உள்ளன.

ஆபாசம் என்ற கூச்சல் முற்போக்கு முகாமுக்குள் இருந்தும் எழுந்ததுண்டு. 1961இல் எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ வெளிவந்தபோது அதைத் தூற்றியவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர். அந்நாவலின் பெண் பாத்திரங்கள் கதைசொல்லியின் அநுபவத்துக்கான படிகளாக மாத்திரம் நின்றுவிடுகின்றனர் என்பது நமது குறை, அது விமரிசனம். உடலைப் பற்றி எழுதியதே குற்றம் என்பது விமரிசனம் அன்று. வர்க்கப் பார்வையைப் பேசிக்கொண்டே வீட்டுத் தலைவாசலிற் சைவப் பெரியாராக அமரும் மனிதரை நம் இயக்கங்களிலும் கண்டிருக்கிறோம்.

பழமை பேசும் பெற்றோர் அனைவரையும் பிற்போக்காளர் என ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். இராணுவக் காவலரண்களைக் கடந்து மகளை ரியூசனுக்கு அனுப்பிவிட்டுப் படலையிற் காத்திருந்த தாய்க்கு, அவளது நீண்ட பாவாடையும் இறுகப் பின்னிய இரட்டைச் சடையும் கவசமாகத் தோன்றியிருக்கும். அந்த அச்சத்தை ஏளனஞ் செய்பவன் இந்த மண்ணை அறியாதவன். சீருடையையும் நாம் எதிர்க்கவில்லை. 1993 முதல் அரசு இலவசமாக வழங்கிய சீருடைத் துணி, கூலிக்காரர் பிள்ளையையும் கடை முதலாளியின் பிள்ளையையும் காலை ஏழரை மணிக்கு ஒரே வெள்ளையில் நிறுத்தியது. அது சமத்துவத்துக்குக் கிடைத்த சிறு வெற்றி. வெள்ளிக்கிழமைச் சேலையோ அவ்வாறானதன்று. அதை வாங்குவது மாணவி. சட்டை தைப்பதற்குக் கூலி கொடுப்பது மாணவி. வாடகை அறையில் அதை அழுத்தி உடுத்து, சைக்கிளிலோ நெரியும் பஸ்ஸிலோ வந்து சேர்வதும் மாணவி. பண்பாடு நமது, செலவு அவளது.

மேலும், ஒழுக்கம் பற்றி இத்துணை கவலை கொண்டோர் நாட்டில் இருந்தும், வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, அவர்களிற் பல குடும்பங்கள் மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முதலிய முகாம்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தனவே, அங்கே எழுந்த குரல் என்ன? ஓலைத் தட்டியால் மறைத்த குடிசைகள். பல குடும்பங்களுக்கு ஒரு கிணறு. பல குடும்பங்களுக்கு ஒரு மலகூடம். வயதுக்கு வந்த பெண்பிள்ளை மறைவாகக் குளிப்பதற்கு நாலு தகரம் வேண்டியிருந்தது. தம் காணியைத் திருப்பிக் கேட்டு அம்மக்கள் வீதியில் இருந்தபோது, உடை பற்றி மேடைதோறும் பேசுவோரில் எத்தனை பேர் அவர்களுக்கருகில் வந்து அமர்ந்தனர்?

மேல்வகுப்பு மாணவர்க்குப் ‘பஞ்சமர்’ நாவலின் சில பகுதிகளை உரத்து வாசித்துக் காட்டும் ஆசிரியர் தம் குரலையே கவனித்துப் பார்க்கலாம். வசைச்சொல் வரும் இடத்தில் அது தானாகத் தாழ்கிறது. கண் ஒருமுறை கதவுப் பக்கம் போய் வருகிறது. ‘நயினார்’ என்று முதியவர் ஒருவர் ஒரு சிறுவனை விளிக்கும் இடத்தை அதே குரல் யாதொரு தடையுமின்றிக் கடந்து செல்கிறது.