பறக்கும் துடைப்பமும் அதனைச் செய்தோரும்

ஜே. கே. ரௌலிங் 2001இல் புனைபெயரில் வெளியிட்ட ‘காலந்தோறும் குவிடிச்’ என்னும் நூலைச் சிறார்க்குரிய வேடிக்கை நூலென ஒதுக்குதல் பொருந்தாது. அந்நூலுலகில், 1879இல் ‘ஓக்ஷாஃப்ட் 79’ என்னும் பறக்கும் துடைப்பத்தைச் செய்த கிரிம்ஸ்டோனும், 1901இல் ‘மூன்ட்ரிம்மர்’ செய்த கிளாடிஸ் பூத்பியும் தனிக் கைவினைஞர். வேண்டினோர் பல்கவே, அனைவர்க்கும் செய்தளிக்கப் பூத்பியால் இயலவில்லை. 1926இல் ஆலர்டன் உடன்பிறந்தார் மூவர் ‘கிளீன்ஸ்வீப்’ நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரே துடைப்பங்கள் பெருந்தொகையில் வெளிவந்தன.

மந்திரம் வல்லார் கோலசைத்தே அவற்றைப் பெருக்கியிருக்கலாகாதோ எனின், அவ்வாறாயின் கைத்திறனுக்கு மதிப்பில்லை. செய்தோர்க்கு வரலாறும் இல்லை. பொருளாக்க விதிக்கு மந்திரவாதியரையும் ஆசிரியர் உட்படுத்தினார். வியப்புக்கு எல்லை வகுத்தமையே இப்புனைவுலகை நம்பத்தக்கதாக்கிற்று என்பது எம் துணிபு.