பின்னிய கையும் கணக்கு எழுதிய கையும்

பிரசங்கத்தைவிட வேலை பேசட்டும் என்பது கன்னியாகுமரி மாவட்டக் கிறிஸ்தவத்தின் பழைய நம்பிக்கை. வாத்தியார் மணியடிக்கும் முன்பே வகுப்பில் இருந்தால், நர்ஸ் ராத்திரி டியூட்டியிலும் முகம் சுளிக்காமல் நடந்துகொண்டால், ‘நல்ல சாட்சியுள்ள பிள்ளை’ என்பார்கள். இந்த மரபு எதைச் சாதித்தது, எதைக் கேட்காமல் விட்டது என்று பார்க்க நாகர்கோவில் லேஸ் தொழிலே சரியான இடம்.

லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார் மார்த்தா. தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். ஒரு கண்ணி தப்பினாலும் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை நூலில் கையழுக்கு படக்கூடாது. பொறுமை, சுத்தம், ஏற்ற வேலையை ஏற்றபடி முடிப்பது என்று போதகர் சொன்ன குணங்களெல்லாம் அந்தத் தலையணைமேல் சோதனைக்கு வந்தன. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்தவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள்.

திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது. அதை ஒழிக்கும் பிரகடனம் 1855இல்தான் வந்தது. அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த சில பெண்கள் லேஸில் சம்பாதித்த காசை உடையவர்களிடம் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். கூலியே இல்லாத ஊழியம் வாங்கிய நாட்டில், பெண்ணின் கையில் அவள் உழைப்புக்கான காசு விழுந்ததே பெரிய புரட்சி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் நேர்மைச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே நடந்தது. எந்த வடிவம் பின்னுவது, என்ன விலை வைப்பது, யாருக்கு விற்பது என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் மிஷனரிகளின் மனைவிமார். லாபத்தின் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் மிஷன் வேலைக்கும் போயிற்று. நல்ல செலவுதான். அந்தச் செலவைப் பின்னியவர்களிடம் கேட்டுச் செய்தார்களா? கேட்கும் வழக்கமே அந்த ஏற்பாட்டில் இல்லை. இன்னொரு கொடுமை: சீமைப் பெண்களின் உடைக்கு ஓரம் பின்னிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்க மேலாடை அணிந்ததற்காக 1859 வரை அடிபட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த அனுமதியும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒருத்தியின் கைத்திறன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஊர்ச் சட்டத்தை அதனால் மட்டும் அசைக்க முடியாது. அதற்குப் போராட்டம் வேண்டியிருந்தது.

பதவி கையிலிருக்கும்போது சாட்சி எவ்வளவு குழம்பும் என்பதற்கு அதே சங்கத்தின் மிஷனரி சார்லஸ் மீடே உதாரணம். 1818இல் நாகர்கோவில் வந்த அவரைத் திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மன்றோவின் செல்வாக்கு நீதிபதியாக்கியது. அவர் நல்ல நீதிபதியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அந்நாளில் சபையில் சேர்ந்தவர்கள் விசுவாசத்தைத் தேடி வந்தார்களா, நீதிபதியின் நிழலைத் தேடி வந்தார்களா என்று யார் பிரித்துச் சொல்வது? சங்க இயக்குநர்கள் ஆட்சேபித்தார்கள். அவரும் பதவியை விட்டார்.

அந்த மிஷனின் நெய்யூர் ஆஸ்பத்திரியின் கதை இதைவிடத் தெளிவானது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லையே என்ற உறுத்தல் அந்தப் பயணத்தில் இருந்த ஆங்கிலேய சர்ஜன் ஹோவர்ட் சாமர்வெல்லுக்கு இருந்தது. பிறகு இந்தியாவைச் சுற்றியவர், நெய்யூரில் ஒரே சர்ஜன் அத்தனை நோயாளிகளையும் பார்ப்பதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டு இங்கே வந்துவிட்டார். வயிற்றுப்புண்ணுக்கு அவர் செய்த அறுவைகளுக்காகத் தொலைவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவருக்கு வெகுகாலத்துக்கு முன்பே, 1860களில், நெய்யூரின் மிஷன் மருத்துவர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் பயிற்றத் தொடங்கியிருந்தார். எனக்கு அதுதான் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது. அறிவைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளாத நேர்மை அது. ஆனாலும் வலியோடு காத்திருக்கும் நோயாளிக்குப் பிரசங்கம் கேட்கும் கட்டாயம் அன்றைய மிஷன் மருத்துவத்தில் வழக்கமாயிருந்தது. வேலை தானே பேசும் என்று நம்பியவர்களுக்கு அந்தக் கூடுதல் பேச்சு ஏன் தேவைப்பட்டது என்று தெரியவில்லை.

இன்றும் தராசு ஒரு பக்கமே சாய்கிறது. வாத்தியார் லீவு எடுத்தால் சபையில் பேச்சாகும். அந்த வாத்தியாரின் நியமனத்துக்கு ‘நன்கொடை’ கேட்டார்கள் என்று காதில் விழுந்தால் பேச்சு தாழ்ந்துவிடும். நர்ஸின் பொறுமையைப் பீடத்திலிருந்து பாராட்டுகிறோம், சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சமைக்கும்போது சபைக்கென்று பிடியரிசி எடுத்து வைக்கும் அம்மா ஒரு கைப்பிடியிலும் கள்ளம் செய்வதில்லை. அந்த அரிசி விற்ற காசு எங்கே போனது என்று அவள் வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து கேட்டால், அதையும் நல்ல சாட்சி என்று சொல்லும் சபைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.