ஓட்டையில்லாத் தோலும் உரைநடையின் மனச்சாட்சியும்

இலக்கிய விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல் என்பவற்றையே நாம் கருத்திற் கொள்கிறோம். ஒரு காரியத்தை எவ்வாறு செய்வது என்று கற்பிக்கும் உரைநடையை விமர்சகன் பெரும்பாலும் தொடுவதில்லை. அது செய்முறை விளக்கந்தானே, அதில் உலக நோக்கு எங்கே இருக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறான். ஆயினும், தனக்கு நோக்கே இல்லை என்று காட்டிக்கொள்ளும் எழுத்திலேதான் ஒரு சமுதாயத்தின் நோக்கு மறைப்பின்றிப் பதிந்து கிடக்கும். அத்தகைய எழுத்து வகையொன்றை ஈண்டு ஆராய்வோம். கொயோட்டி என்னும் விலங்கைத் தோல் கெடாமற் கொல்வதற்கு எந்த ரவையைத் தேர்வது என வட அமெரிக்க வேட்டைக்காரருக்கு அறிவுரை கூறும் எழுத்தே அது. கல்முனைக் கடற்கரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு, படிப்படியாக அதனைக் காண்போம்.

கொயோட்டி நாயினத்தைச் சேர்ந்தது; நமது நரிக்கு உறவு, உருவத்திற் சற்றுப் பெரியது. வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 9 முதல் 20 கிலோகிராம் வரை நிறையுடையது. குளிர்காலத்தில் அதன் மயிர் நீண்டு அடர்ந்துவிடும். குளிரங்கிகளின் தலைமூடி விளிம்பிலே வைத்துத் தைக்கப்படுவது அந்த மயிர்த்தோலே. தோலிற் சிறு துளை விழுந்தால் தைத்து மறைத்துவிடலாம். கையகலம் கிழிந்தால் விலை வீழ்ந்துவிடும். ஆகவே எந்த ரவை என்ற வினா எழுகிறது.

இவ்வெழுத்துத் தரும் விடைகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, மிகச் சிறிய குண்டை மிகுந்த வேகத்துடன் செலுத்துதல். 1971இல் அறிமுகமான '.17 ரெமிங்டன்' ரவையின் குண்டு ஏறத்தாழ 1.6 கிராம் நிறையுடையது. விநாடிக்கு 1,200 மீற்றர் வேகத்திற் பாய்வது. அதன் உலோக உறை மெல்லியது. உடலினுள் நுழைந்ததும் குண்டு பொடிப்பொடியாகச் சிதறும், மறுபுறம் வெளிவராது, எனவே தோலில் ஒரே ஒரு சிறு துளைதான். இரண்டாவது, உறை முழுவதும் மூடிய கடினக் குண்டு. அது உருமாறாமல் ஊடுருவிச் செல்வதால் இருபுறமும் சிறு துளைகள் மட்டுமே விழும். மூன்றாவது, '.22 ஹோர்னற்' போன்ற வேகங்குறைந்த ரவை. அது விநாடிக்கு 800 மீற்றரளவில் செல்வதால் சிதைவு குறையும். ஆனால் அண்மையிலிருந்து சுட வேண்டியிருக்கும். '.223', '.22-250' ஆகியவை தூரத்திற்கு ஏற்றவை. எனினும் குண்டின் வகை பிழைத்தால் வெளியேறும் பக்கத்திற் பெரும் கிழிசல் உண்டாகும் என்று எச்சரிப்பர். எல்லாவற்றிற்கும் மேலாக, தோளெலும்பைத் தவிர்த்து, அதற்குப் பின்னால் விலாவிலே சுட வேண்டும் என்பர்.

இவ்வறிவு பொய்யானதன்று. காரணத்தையும் காரியத்தையும் இணைத்துக் காட்டும் முறையிலே இவ்வெழுத்து நமது மேடைத் தமிழ் பலவற்றுக்கும் பாடம் புகட்டக் கூடியது. வெற்றலங்காரம் இல்லை, அளவு உண்டு, சோதித்தறிந்த முடிவு உண்டு. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குண்டு நெஞ்சறையிற் சரியாகப் பாய்ந்து தன் ஆற்றல் முழுவதையும் உள்ளேயே செலவிட்டால் விலங்கு சில கணங்களில் உயிர்விடும். அங்கே வணிகனின் நலனும் விலங்கின் நலனும் ஒன்றுபடுகின்றன. இதனை வைத்தே, தோலைக் காக்கும் முறைதான் கருணையான முறையும் என்று இவ்வெழுத்து உரிமை கொண்டாடுகிறது.

அவ்வுரிமை எவ்வளவு தூரம் செல்லும்? இரு நலன்களும் பிரியும் இடத்தை நோக்கினால் விடை கிடைக்கும். கடினக் குண்டு தோலைக் காக்கிறது. ஆனால், ஆற்றலின் பெரும்பகுதியை உடலில் விடாமலே வெளியேறிவிடுகிறது. விலங்கு நெடுந்தூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் மெல்ல மெல்லச் சாகிறது. மெல்லிய உறைக் குண்டு தோளெலும்பில் பட்டுவிட்டாலோ, ஆழம் போகாமல் மேற்பரப்பிலேயே வெடித்துச் சிதறிப் பெருங்காயத்தை உண்டாக்குகிறது. இவ்விரண்டையும் குறிப்பிடும்போது செய்முறை எழுத்து பயன்படுத்தும் சொல் 'இழப்பு' என்பதே. விலங்கு கைக்குக் கிடைக்கவில்லை, தோல் கெட்டுவிட்டது, ஆகவே இழப்பு. குற்றுயிராய் ஓடிய பிராணிக்கு நேர்ந்ததைச் சொல்ல அந்த உரைநடையிற் சொல் இல்லை. எழுத்தாளன் கொடியவன் என்பது இதன் காரணமன்று. அவனுடைய கணக்கேட்டில் அதற்கு ஒரு பத்தியே வகுக்கப்படவில்லை.

இதற்கு இன்னும் தெளிவான சான்று பருவமாற்றத்தில் இருக்கிறது. கோடையில் கொயோட்டியின் மயிர் மெலிந்து, தோல் விலைபோகாததாகிவிடும். அப்போது ரவையைப் பற்றிய அறிவுரையும் மாறிவிடும்: எதனாலும் சுடலாம், கிழிசலைப் பற்றிக் கவலையில்லை. கால்நடைகளைக் காப்பதற்கென்று அமெரிக்க அரசின் முகவரகம் ஆண்டுதோறும் பல்லாயிரம் கொயோட்டிகளைக் கொல்கிறது. அங்கும் தோல் வேண்டுவதில்லை. எனவே ஹெலிகொப்டரிலிருந்து சுடுவதும் பொறி வைப்பதும் முறைகளாகின்றன. விலங்கு ஒன்றே, அது படும் வேதனையும் ஒன்றே, மாறியது விலை மட்டுமே. கருணை என்று சொல்லப்பட்டது குளிர்காலத்து விலைப்பட்டியலின் நிழல் என்பது இதனாற் புலனாகும். வேட்டைக்காரன் எதை எடுத்துச் செல்லப் போகிறானோ, அதுவே அவனுடைய ஆயுதத்தைத் தீர்மானிக்கிறது.

இவ்விதி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. நமது தீவின் வரலாற்றிலேயே அதற்கு இரு எதிரெதிரான உதாரணங்கள் உள்ளன.

1848இல் நுவரெலியாவிற் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், இலங்கை வேட்டை அனுபவங்களை 1850களில் இரு நூல்களாக வெளியிட்டார். கீழ்மாகாணக் காடுகளும் அவற்றில் இடம்பெறுகின்றன. அவரும் ஆயுதத் தேர்வைப் பற்றி விரிவாக எழுதியவரே. அவருடைய பெருந்துவக்கு 21 இறாத்தல், அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோகிராம் நிறையுடையது. சிறிய கொயோட்டி ஒன்றின் நிறை அது! அதன் குண்டு நான்கு அவுன்சு, சுமார் 113 கிராம். பெருங்குண்டே யானையை நின்ற இடத்தில் வீழ்த்தும் என்பது அவர் வாதம். ஆனால், அந்த யானையிலிருந்து அவர் எதை விரும்பினார்? இலங்கை யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமில்லை. இறைச்சியோ தோலோ வேண்டப்படவில்லை. வேட்டையின் சான்றாக வாலை அறுத்தெடுத்தபின் உடல் காட்டிலே அழுகியது. அதே காலத்தில் குடியேற்ற அரசும் கொல்லப்பட்ட யானைக்குச் சன்மானம் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அழிக்கப்பட்டன என எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில் பதிவு செய்துள்ளார். உடலில் எதுவும் தேவைப்படாதபோது, உடலைச் சிதைக்கும் குண்டுக்கு அளவு கிடையாது.

அதே டெனன்ட், சோனக ஊர்களைச் சேர்ந்த பணிக்கர்களையும் வருணிக்கிறார். ஏறாவூர்ப் பகுதியிற் பணிக்கர் மரபு இன்றும் நினைவுகூரப்படுகிறது. விலங்குத் தோலால் முறுக்கிய கயிறொன்றே அவர்களின் கருவி. இருவர் யானையைப் பின்தொடர்ந்து சென்று, அதன் பின்னங்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணைத்துவிடுவர். ஒரு துளை, ஒரு கீறல் கூட ஆகாது. ஏனெனில் யானை உயிரோடு விற்பனைக்குரியது. இந்தியாவரை அதற்குச் சந்தை இருந்தது. பணிக்கரைப் புனிதராக்க நாம் முயல வேண்டியதில்லை. பிடிபட்ட யானைக்கு அக்கயிறும் அடிமைத்தளையே. கயிற்றுக்கும் வேறொரு விலங்கின் தோல் தேவைப்பட்டது. ஆனால், துரையின் தீரம் நூலாகியது. உயிரைப் பணயம் வைத்த பணிக்கனின் கலை பிறர் நூலில் ஒரு குறிப்பாக மட்டும் எஞ்சியது. வேட்டை இலக்கியத்தின் வர்க்கத் தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குண்டைத் தேர்வது பற்றிய அறிவு விலங்கோடு நின்றுவிடவுமில்லை. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச்சாலையில், உடலினுள் விரியும் குண்டுகளைப் பிரித்தானியர் செய்தனர். 1899இல் ஹேக் மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் பிரகடனத்தை வெளியிட்டது. இன்று கொயோட்டி வேட்டையிற் பெரிதும் பயன்படும் .223 ரவையும், 1960களில் வியட்னாமிற்குக் கொண்டுசெல்லப்பட்ட 5.56 மில்லிமீற்றர் இராணுவ ரவையும் உடன்பிறப்புகள். ஒன்றில் நுனி விரியும். மற்றொன்றில் முழு உறை. குண்டின் மூக்கைச் சட்டம் திருத்தியது. குண்டு பாய்வதை அது நிறுத்தவில்லை. 1983 முதல் 2009 வரை போர் நடந்த இக்கரையிலே, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அதனை உடலால் அறிந்தனர். அவ்வாண்டுகளில் வளர்ந்த தலைமுறை 'ரவை', 'சன்னம்' என்னும் சொற்களைப் பாடநூலிலிருந்து கற்கவில்லை. துளையின் அளவை மட்டும் பேசி, துளைக்கப்பட்டவரைப் பற்றிப் பேசாத உரைநடை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

வேறுவகையாக எழுத முடியுமா? முடியும் என்பதற்குப் புறநானூற்றின் 320ஆம் பாடல் சாட்சி. அதுவும் வேட்டுவன் வீட்டைப் பற்றியதே. அங்கும் மான்தோல் உண்டு. அதன்மேல் தினை காய்கிறது. வேட்டுவன் உறங்குகிறான். அவன் பிற மான்களைப் பிடிக்கப் பழக்கிய பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகிறது. மனைவி அதனைக் காண்கிறாள். ஓசை எழுப்பினால் கணவன் விழித்துக்கொள்வான், கலையும் பிணையைப் பிரிந்துவிடும் என்று அஞ்சி அசையாதிருக்கிறாள். காட்டுக்கோழிகள் வந்து தினையைத் தின்கின்றன. அவற்றையும் அவள் விரட்டவில்லை. வேட்டையால் வாழும் குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதும் இங்கே இருக்கிறது. தோல், தினை, பொறியாகப் பழக்கிய மான், எதுவும் மறைக்கப்படவில்லை. ஆயினும், அந்தக் கணக்கில் அடங்காத ஒரு மனமும் இருக்கிறது. அக்கவிஞன் வேட்டையைக் கண்டித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. விலங்கைப் பார்க்கும் ஒரு மனிதப் பிறவியைப் பாடலினுள் நிறுத்தினான், அவ்வளவே.

இன்று நமது பிரச்சினை தோலன்று, நெல். அம்பாறை மாவட்டத்தின் வயலோரங்களில் யானையும் விவசாயியும் எதிரெதிரே நிற்கிறார்கள். 2019இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. ஏறத்தாழ 120 மனிதரும் யானைகளால் உயிரிழந்தனர். கட்டுத்துவக்கும், இரைக்குள் மறைத்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' என்னும் வெடியும் நாட்டின் பல பகுதிகளிற் காயம் விளைவிக்கின்றன. கட்டுத்துவக்கு வைத்தவன் அங்கே இல்லை. எது வந்து கயிற்றில் இடறுகிறது என்பதை அது பார்ப்பதுமில்லை. விறகுக்குப் போன மனிதனையும் அது சுடும். பயிரைக் காப்பாற்ற வேறு வழியற்றவனை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு, அவன் வயலையும் யானையின் வழியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த திட்டங்களைப் பற்றி வாய்திறவாத எழுத்தும், கொயோட்டிக் கையேட்டைப் போன்றதே. அதன் கணக்கேட்டிலும் ஒரு பத்தி குறைகிறது.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களும் செய்முறை உரைநடையைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நன்று. இதனால் எவர் எதை எடுத்துச் செல்கிறார்? எதனை இது 'இழப்பு' என்கிறது? எவருடைய துன்பத்தைக் கூற இதில் சொல் இல்லை? குளிரங்கிகளுக்குப் பேர்பெற்ற 'கனடா கூஸ்' நிறுவனம், 2022 இறுதியோடு தன் உற்பத்தியில் மயிர்த்தோலைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. சந்தை இப்படித் திரும்பும்போது, தோலைக் காக்கும் ரவைக்கும் மதிப்புக் குறைகிறது. அதனோடு அந்தக் 'கருணை'யும் விலையிழக்கிறது. சந்தையோடு ஏறி இறங்காத கருணையை எழுத்திலே நிலைநாட்டுவதற்கு முதலில் அந்த விடுபட்ட பத்தியை வரைந்தாக வேண்டும். அப்பணி விமர்சகனுக்கும் உரியது.