மௌன வசந்தமும் இலையின் மாற்றமும்

அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் ஆங்கில நூலைப் பறவைகளுக்காக எழுந்த இரங்கற்குரல் என்றே பலரும் கருதுவர். பாட்டொலி அடங்கிய வசந்தத்தைக் குறிக்கும் அதன் பெயரே இதற்குக் காரணம். ஆயினும், மண்ணையும் செடிகொடிகளையும் ஆராயும் ஐந்தாம், ஆறாம் அதிகாரங்களை ஊன்றிப் படிப்போர்க்கு இக்கருத்து முழுமையன்று என்பது புலனாகும்.

பூச்சிமருந்து பூச்சியை மட்டுமே கொல்லும், பயிரைத் தீண்டாது என்பது அக்காலத்தில் பரவியிருந்த நம்பிக்கை. அதனைத் தகர்க்க நூலாசிரியர் காட்டும் சான்று வலியது. 1955ஆம் ஆண்டில் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களில் ஹாப்ஸ் கொடி பயிரிட்டோர், வேரைத் தின்னும் கூன்வண்டை ஒழிக்க ஹெப்டாகுளோர் இட்டனர். ஓராண்டுக்குள் கொடிகள் வாடி மடிந்தன. மருந்திடாத நிலத்திலோ கேடில்லை. புதிதாக நட்டவற்றின் வேர்களும் பட்டுப்போயின. நான்காண்டு கழிந்தும் மண்ணில் அந்நஞ்சு எஞ்சியிருந்தது.

ஆறாம் அதிகாரத்துச் செய்தி இதனினும் நுட்பமானது. 2,4-டி என்னும் களைக்கொல்லி தெளித்த செடியில் சர்க்கரை தற்காலிகமாக மிகுகிறது. மாடுகள் இயல்பாக ஒதுக்கும் நச்சுச் செடியும் அவற்றுக்கு இனித்துவிடுகிறது. மக்காச்சோளத்திலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கன்று, சர்க்கரை எடுக்கும் பீட்டுச் செடியிலும் நைட்ரேட்டு பெருகியதைச் சோதனைகள் காட்டின. மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். மாட்டைக் கொல்வது தெளித்த மருந்தன்று. அம்மருந்தால் மாறிய செடியே என்னும் இவ்வுண்மையே அதிகாரத்தின் சிறப்பு.

குறைகளும் இல்லாமலில்லை. சோதனையில் உறுதிப்பட்ட பயிர்களை அடுத்து, ஐயத்திற்குரிய சூரியகாந்தி முதலியன வருகின்றன. ஐயம் என்று அவரே குறித்திருப்பினும், விரைந்து படிப்போர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு. மாற்றம் இலைக்குள் எங்ஙனம் நிகழ்கிறது என்பதும் விரித்துரைக்கப்படவில்லை. பின்குறையை அவர்மேல் முழுதும் சுமத்துதல் நேரிதன்று. செடியின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஆக்சினைப் போலவே 2,4-டி செயற்படுகிறது. அந்த ஆக்சினை உணரும் புரதம் 2005ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது.

பின்வந்த ஆராய்ச்சி அவர் சென்ற திசைக்கே வலுவூட்டியது. 1974ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கிளைபோசேட்டு, செடியின் ஒரு நொதியைத் தடுப்பது 1980ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அந்நொதி முடங்கினால் மூன்று அமினோ அமிலங்கள் உருவாவதில்லை. அவற்றின் வழியே பிறக்கும் லிக்னின் முதலிய காப்புப்பொருள்களும் குன்றும்.

ஆகவே, இந்நூலை மாணாக்கர்க்கு அறிமுகம் செய்வோர் பறவையோடு நின்றுவிடலாகாது. பச்சையாக நிற்கும் இலை பழைய இலைதானா என்று கேட்கக் கற்பிப்பதே இதன் நிலைத்த பயன்.