இரண்டு இறையியல், இரண்டு மெய்யியல்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறது நோட்டர் டேம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கே மெக்கானிக்கல் என்ஜினியரிங் படிக்கச் சேரும் மாணவர் கால்குலஸ், இயற்பியலோடு இறையியலிலும் இரண்டு பாடம் எழுதித் தேற வேண்டும். யூதர், இந்து, கடவுளே இல்லை என்பவர் யாருக்கும் விலக்கு கிடையாது. மெய்யியலிலும் கட்டாயப் பாடம் உண்டு. இயேசு சபையாரின் பாஸ்டன் கல்லூரியிலும் இறையியல் இரண்டு, மெய்யியல் இரண்டு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் பலர் படிக்கும் இறையியல் பாடத்தின் பெயரே ‘கடவுள் என்னும் சிக்கல்’.

இதைக் கேட்டதும் மதத் திணிப்பு என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது இந்த ஏற்பாட்டின் மேல் வைக்கப்படும் மிகப் பலவீனமான குற்றச்சாட்டாகப் படுகிறது. வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். நோட்டர் டேமின் முதல் இறையியல் பாடம் விவிலியத்தில் தொடங்குகிறது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் செடிகொடிகளும் விலங்குகளும் வந்த பிறகே, கடைசியில், ஆணும் பெண்ணுமாக மனிதர் வருகிறார்கள். இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் ஆண். அதன் பிறகு மரங்கள், விலங்குகள், கடைசியில் பெண். இரண்டையும் யார், எந்தக் காலத்தில் எழுதினார்கள், தொகுத்தவர்கள் ஏன் ஒன்றை நீக்காமல் இரண்டையும் அருகருகே வைத்தார்கள் என்பது வகுப்பில் கேள்வியாகிறது. இதில் ஆடிப்போகிறவர் இந்து மாணவராக இருக்க வாய்ப்பில்லை. பன்னிரண்டு வருஷம் கத்தோலிக்கப் பள்ளியில் படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்று வந்து உட்கார்ந்தவர்தான்.

நம் ஊர்க் கத்தோலிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு வேறொரு ஏற்பாடு நினைவிருக்கும். கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு ‘மாரல்’ என்று ஒரே மணி நேரத்தில் இரண்டு அறைகள். யார் மனமும் புண்படாது. யாருக்கும் புதிதாக எதுவும் புரிந்துவிடவும் செய்யாது. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நம்பிக்கைக்கு மதிப்பெண் போடாமல் வாதத்துக்குப் போடுவது அதைவிட நேர்மையானது.

ஆனால் இந்தக் கட்டாயத்தை ஆதரிப்பவர்கள் அதைத் தொன்றுதொட்டு வந்த மரபு என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1899 இல் ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட், மாணவரே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை உயர்த்திப் பேசுகையில் இயேசு சபைக் கல்லூரிகளின் மாறாத பாடத்திட்டத்தைச் சாடினார். பாஸ்டன் கல்லூரியின் முன்னாள் தலைவர் திமொத்தி பிராஸ்னஹன் பதிலுக்குக் காரசாரமாக எழுதினார். அவர் காத்து நின்ற பாடத்திட்டத்துக்கு முதுகெலும்பு லத்தீன், கிரேக்கம், மெய்யியல். இறையியல் அன்று குருமாணவர்களுக்கான படிப்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கல்லூரிகளில் அறிவையெல்லாம் சேர்த்துக் கட்டும் கயிறாக இருந்தது இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் வழி வந்த மெய்யியல்தான். அறுபதுகளில் அந்தக் கயிறு அறுந்தது. இன்றுள்ள ‘இரண்டும் இரண்டும்’ அதன் பிறகு மிஞ்சியவற்றைக் கொண்டு செய்துகொண்ட உடன்பாடு. வத்திக்கானின் கட்டளை என்றும் இதைச் சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990 இல் வெளியிட்ட ஆவணம், கத்தோலிக்கக் கோட்பாட்டுப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1852 இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஆங்கிலேயக் கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் சொன்னது இது: இறையியலை வெளியே தள்ளினால் காலியான அந்த இடத்தை மற்ற அறிவியல்கள் தங்களுக்குத் தகுதியில்லாத தீர்ப்புகளால் நிரப்பும். துறைகளுக்கு இடையிலான எல்லைகளைப் பற்றிய வாதம் அது. பொருளியல் எங்கே நிற்க வேண்டும், உயிரியல் எதைச் சொல்லலாம் என்ற கேள்வி பொருளியல் வகுப்பிலும் உயிரியல் வகுப்பிலும் எழுந்தால்தான் அதற்குப் பயன். நடப்பதோ வேறு. மாணவர் பலர் முதல் இரண்டு ஆண்டுகளில் இறையியலை முடித்து டிக் அடித்துவிடுகிறார்கள். மரபணுவியலோ நிதியியலோ ஆழமாகப் படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டில் அந்தப் பக்கமே திரும்ப வேண்டியதில்லை.

நோட்டர் டேம் இதை உணராமல் இல்லை. 2014 முதல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்து, 2018 இல் சேர்ந்தவர்களிடமிருந்து புதியதை நடைமுறைப்படுத்தியது. இறையியல் இரண்டும் அப்படியே நின்றன. மெய்யியலில் ஒன்று கட்டாயம். இரண்டாவதுக்குப் பதிலாக, கத்தோலிக்க மரபை வேறொரு துறையோடு இணைத்துப் பார்க்கும் பாடத்தை எடுக்கலாம். வரலாற்றுத் துறையோ பொருளியல் துறையோ அதை நடத்தலாம். மெய்யியல் நீர்த்துப்போகிறது என்று இதைக் குறை சொல்லலாம். நான் எதிர்ப்பக்கம்: இது போதாது.

எத்தனை பாடம் என்ற எண்ணிக்கையைச் சுற்றியே விவாதம் ஏன் நடக்கிறது? கட்டாயப் பாடம் என்றால் அழைக்காமலே மாணவர் வருவர். மாணவர் வந்தால் ஆசிரியப் பணியிடம். பணியிடம் இருந்தால் முனைவர் பட்ட ஆய்வும் தழைக்கும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் ஒரு துறையின் வயிற்றில் அடி. இதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவின் ஒருமைப்பாடு என்ற பெரிய பெயரில் துறைகளின் பங்கு காக்கப்படுவதையும் பார்க்காமல் இருக்க முடியாது.

நியூமன் கேட்டதற்கு மிக அருகில் வருவது புதிய திட்டத்தின் இன்னொரு மூலையில் இருக்கிறது. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு பேராசிரியர்கள் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைப்புப் பாடம் அது. பாஸ்டன் கல்லூரியும் முதலாண்டு மாணவருக்கு இப்படிச் சில பாடங்களை வைத்திருக்கிறது. உயிரியல்காரரும் இறையியல்காரரும் மாணவர் கண்முன்னே ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசும் வகுப்பு எப்படி இருக்கும்! நான்காம் ஆண்டில், அவரவர் மேஜர் பாடத்தை ஒட்டி, இப்படி ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டு, அதற்காகத் தனி இறையியல் பாடம் ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு வகுப்புக்கு இரண்டு பேராசிரியர் சம்பளம், இரண்டு துறைத் தலைவர்களின் சம்மதம், ஒத்துவரும் டைம்டேபிள் எல்லாம் வேண்டும். நோட்டர் டேமில் இப்பாடம் இன்னும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.