ஒடிஸியஸ் விடுதலை: ஒரு தீர்ப்பின் மறுவாசிப்பு

ஒரு கல்லூரியின் ஆங்கில இலக்கிய வகுப்பில் மாணவர்கள் ஒடிஸியஸைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதியாக என்னை உட்காரவைத்தார்கள். பெனலோப்பை மணக்க வந்து, அரண்மனையிலேயே தங்கித் தின்று தீர்த்த 108 பேரைக் கொன்றது முதல் குற்றம். அவர்களோடு படுத்தார்கள் என்று பணிப்பெண்கள் 12 பேரைச் சாகடித்தது இரண்டாவது. "அந்தக் காலத்து நியாயத்தை வச்சுத்தான் அவனை அளக்கணும்" என்று வாதாடினான் ஒடிஸியஸின் வக்கீலாக வந்த மாணவன். நானும் தலையாட்டி, இரண்டிலும் விடுதலை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தீர்ப்பு தவறு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த 'அந்தக் காலம்'. இலியட்டின் 18ஆம் காண்டத்தில் அகிலிஸின் கேடயத்தில் ஒரு வழக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. கொலையுண்டவனுக்கான ஈட்டுப்பொருள் பற்றி இருவர் வழக்காட, மூத்தோர் கல்லிருக்கைகளில் வட்டமாக அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். நேர்மையான தீர்ப்புக்குப் பரிசாக இரண்டு தாலந்து பொன் நடுவே கிடக்கிறது. ஆக, ஹோமரின் உலகத்துக்கு விசாரணை தெரியும். இத்தாக்காவில் அது நடக்கவில்லை, அவ்வளவுதான். நாம் 'காலம்' என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் காலத்தில் ஜெயித்தவனுடைய குரலைத்தான்.

அடுத்து சாட்சியம். ஒடிஸியின் 22ஆம் காண்டத்தில், வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒடிஸியஸ் வந்தவர்கள்மீது குற்றப்பட்டியல் வாசிக்கிறான். அதில் ஒன்று, 'என் வீட்டுப் பெண்களைப் பலவந்தமாகப் படுக்கையில் தள்ளினீர்கள்' என்பது. அதே காண்டத்திலேயே அந்தப் பெண்கள் துரோகிகளாகிவிடுகிறார்கள். யூரிக்ளியா என்ற கிழட்டு அடிமை, 50 பேரில் 12 பேர் கெட்டவர்கள் என்று கணக்குக் கொடுக்கிறாள். அவர்களைக் கொண்டே பிணங்களை அப்புறப்படுத்தி, ரத்தம் கழுவவைத்து, பிறகு முற்றத்துக்கு ஓட்டுகிறார்கள். வாளால் வெட்டச் சொன்னது அப்பன். அது கௌரவமான சாவு என்று கப்பல் கயிற்றில் தொங்கவிட்டது மகன் டெலிமாக்கஸ். பெண்கள் அழுகிறார்கள் என்று பிரதி சொல்கிறது. பேசுவதற்கு ஒரு வரி தரவில்லை.

24ஆம் காண்டத்தில் செத்த ஆண்களின் உறவினர்கள் ஆயுதத்தோடு வருகிறார்கள். ஏதீனி தலையிட்டுச் சமாதானம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. 12 பேருக்காக ஒருவரும் வரவில்லை. தலையிட அங்கே தெய்வத்துக்கும் வேலையில்லை.

மார்கரெட் அட்வுட் 2005இல் எழுதிய 'பெனலோபியாட்' நாவலில் இந்த வழக்கு நடக்கிறது. அங்கேயும் நீதிபதி காலம் வேறு என்று சொல்லித்தான் தள்ளுபடி செய்கிறார். படித்திருந்தும் அதே நாற்காலியில் அதே வார்த்தையைச் சொன்னேன். நாற்காலியின் மகிமை அப்படி. காவியத்தையே வழக்குக் கட்டாக எடுத்துக்கொண்டால், நாயகன் பேசுகிறவன், மற்றவர்கள் பேசப்படுகிறவர்கள். விடுதலை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

முதல் குற்றத்தில் இப்போதும் எனக்குத் தயக்கம் உண்டு. வீடு புகுந்தவர்கள் அவர்கள். இரண்டாவதில் அவன் குற்றவாளி. அதற்கு நம் காலத்து நியாயம் எதுவும் தேவையில்லை, அவன் வாக்குமூலமே போதும். மறுபடி கூப்பிட்டால் கூண்டில் நிற்பவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "பலவந்தம்னு சொன்னது நீதானேப்பா?"