பனிப்பெட்டியில் மறுவாழ்வு

மாண்டவரை உறையச் செய்து காத்தால், பின்னாளைய மருத்துவம் அவரை எழுப்பும் என்று அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் ராபர்ட் எட்டிஞ்சர் 1964-ம் வருஷத்தில் வெளியான தமது நூலில் வாதித்தார். சாவாமையின் வாய்ப்பு எனப் பொருள்படும் தலைப்புடைய அந்நூலை நகையாடி ஒதுக்குதல் எளிது. ஆனால் நேர்மையான விமரிசனம் ஆகாது.

நூல் இரு தூண்களின் மேல் நிற்கிறது. உறைவினால் விளையும் சேதத்தைப் பிற்கால வைத்தியர் நீக்குவர் என்பது ஒன்று. அதுவரை உடலைக் காப்பவர் இருப்பர் என்பது மற்றொன்று. முதலாவதற்கு இதுவரை சான்றில்லை, ஒருவரும் எழுந்திலர். ஆயினும் நாம் பெரிதும் ஐயுறுவது இரண்டாவதையே. பூஜ்யத்துக்குக் கீழ் 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜன் ஓயாது ஆவியாவது. மீண்டும் ஊற்ற ஆளும் பணமும் வேண்டும். 1967-ல் உறைவிக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்போர்டின் உடலைக் குடும்பத்தார் நெடுங்காலம் பேணினர். அஃது இன்றும் அரிஸோனாவில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் இடுகாட்டிலோ பணம் வற்றியது. ஒன்பது உடல்கள் அழிந்தமை 1979-ல் அம்பலமாயிற்று.

இந்தியாவிலும் இதற்கு நிகரான வழக்கொன்று உண்டு. பஞ்சாபின் நூர்மஹலில் அஷுதோஷ் மஹராஜ் 2014 ஜனவரி 29-ல் இறந்தார் என்றனர் வைத்தியர். சமாதியில் இருக்கிறார் என்று குளிர்பெட்டியில் வைத்தனர் சீடர். தகனம் செய்க என அவ்வாண்டே உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் மேலமர்வு அதனை நீக்கிப் பாதுகாக்க அனுமதித்தது. எட்டிஞ்சர் ஆராய்ச்சியை நம்பினார். சீடர் குருவை நம்பினர். வேற்றுமை பெரிதே. எனினும் ஈரிடத்தும் கிடப்பவர் பேசார். அவர் கதியை உயிரோடிருப்பவரே தீர்மானிப்பர்.

மணிமேகலையில் கோதமை, தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியை இரக்கிறாள், இயலாதென்கிறது தெய்வம். சாத்தனார் தாயின் துயரை இகழவுமில்லை; பொய்யாறுதல் தரவுமில்லை. நம்பிக்கையை விற்போர் கற்க வேண்டிய பாடம் இது.

பாடாங் மேஹா முதலிய தோட்டத்தவர்க்கு இக்கேள்வி அயலானதன்று. 1950-களிலும் 60-களிலும் மலாயாவில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. நிலம் கைமாறினால் அதனுள் கிடக்கும் இடுகாட்டில் புல் வெட்டுவார் யார்? கிராணி வேலை பார்க்கும் நாம் அறிவோம்: புதிய பேரேட்டில் முதலில் விடுபடுவது, கேட்க வாயில்லாதவன் கணக்கே. ஆகவே நூறாண்டுக் காவல் வாக்களிப்போரிடம் விஞ்ஞானத்தை வினவுமுன், அறநிதியையும் பொறுப்பாளரையும் வினவுதல் வேண்டும்.

எட்டிஞ்சர் 2011-ல் காலமாகி, மிச்சிகனில் தாம் நிறுவிய நிலையத்திலேயே உறைவிக்கப்பட்டார். தம் கொள்கைக்குத் தம் உடலையே ஈடுவைத்த நேர்மையை மதிக்கிறோம். அந்த ஈட்டை மீட்பது இனி அவர் கையில் இல்லை.